பெரியப்பாவை வாசலில் நிறுத்திய அம்புக்குறி

அந்த வீட்டில் எல்லோருக்குமே களைப்புதான்.

அப்பா இரவுப் பேருந்து ஓட்டுகிறவர். ஊர் கண் விழிக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்து, மற்றவர்கள் பல் துலக்கும்போது படுக்கப் போவார். அம்மா மருத்துவமனையில் நர்ஸ். அப்பா உள்ளே வரும்போது அம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். இருவரும் வாசற்படியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதோடு சரி.

மகள் ஐந்தாம் வகுப்பு. ஆள் சிறுசு, பேச்சு சுருக்கென்று இருக்கும் என்பதால் அவளுக்கு மிளகு என்று பெயர். தம்பி ஒன்றாம் வகுப்பு. கைக்குழந்தையாக இருந்தபோது உருண்டையாக இருந்தானாம். இப்போது ஈர்க்குச்சி மாதிரி ஆகிவிட்டான். ஆனாலும் பூசணி என்ற பெயர் போகவில்லை.

விடுமுறை நாட்களில் அப்பாவின் தூக்கத்தைக் காப்பது மிளகின் பொறுப்பு. அது லேசான வேலை இல்லை. சிலிண்டர்காரர் தட்டுவார். பக்கத்து வீட்டு மாமா ஏணி கேட்டுத் தட்டுவார். ஒவ்வொரு தட்டலுக்கும் பூசணி ஓடிப்போய் அப்பாவின் தோளை உலுக்குவான்.

"அப்பா, யாரோ வந்திருக்காங்க."

யாரோ போன பிறகு அப்பாவுக்குத் தூக்கம் திரும்பி வராது. கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார்.

அந்த வாரம் ஒரு நாள் காலையில் அப்பா அம்மாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். கதவுக்குப் பின்னால் தலை வாரிக்கொண்டிருந்த மிளகின் காதில் அது விழுந்துவிட்டது. ஒரு வளைவில் வண்டி திரும்பும்போது அப்பாவின் கண் இமை ஒரு நொடி மூடிக்கொண்டதாம். பின்சீட்டில் ஒரு குழந்தை அழுததால் விழித்துக்கொண்டாராம். வேறொன்றும் ஆகவில்லை என்று அப்பா சொன்னார். அம்மா நாற்காலி மேல் ஏறி, காலிங்பெல்லின் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மிளகுக்கு அந்த இமையின் ஞாபகம்தான்.

பள்ளியில் அப்போது கம்ப்யூட்டர் டீச்சர் பாய்வுப்படம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொன்னால் அது படிமுறை. அதையே கட்டமும் அம்புக்குறியுமாக வரைந்தால் பாய்வுப்படம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் முட்டை வடிவம். செய்ய வேண்டிய வேலைக்குச் சதுரக் கட்டம். கேள்வி கேட்க வைர வடிவம். கேள்வியிலிருந்து 'ஆம்' ஒரு பக்கம், 'இல்லை' ஒரு பக்கம் என்று இரண்டு வழி பிரியும்.

வாளியில் தண்ணீர் பிடிப்பதை டீச்சர் வரையச் சொன்னார். வாளி நிறைந்ததும் குழாயை மூட வேண்டும் என்ற கட்டத்தைப் பாதி வகுப்பு மறந்துவிட்டது. பள்ளிக்கூடமே முழுகிப்போச்சு, எல்லாரும் காலைத் தூக்கி பெஞ்சு மேல வைங்க என்றார் டீச்சர். அப்புறம் சிரிக்காமல் ஒன்று சொன்னார்.

"கம்ப்யூட்டர் நீங்க சொன்னதைத்தான் செய்யும். நீங்க மனசுல நினைச்சதைச் செய்யாது."

மிளகுக்கு உடனே தம்பி ஞாபகம் வந்தது. அவனும் அப்படித்தான். கதவுகிட்டயே நில்லு என்று சொன்னால், மழை பெய்தாலும் கதவுகிட்டயே நிற்பான்.

வீட்டுக்கு வந்ததும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வண்ணப் பென்சிலால் ஒரு பாய்வுப்படம் வரைந்தாள். கதவைத் தட்டுகிறார்களா? ஆம் என்றால் ஜன்னல் வழியாகப் பார். தெரிந்தவரா? ஆம் என்றால் அக்காவைக் கூப்பிடு. இல்லை என்றால் 'அப்பா தூங்குறார், அப்புறம் வாங்க' என்று சொல். அங்கிருந்து ஓர் அம்புக்குறி வளைந்து மேலே போய், மறுபடி முதல் கேள்வியிலேயே சேர்ந்தது. அந்த வளைவு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதற்கு மட்டும் சிவப்பு தீட்டினாள்.

படத்தைக் கதவின் உட்புறத்தில் ஒட்டி, பூசணிக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தாள். அவன் ஒவ்வொரு கட்டத்திலும் விரல் வைத்து, உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டான்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வருவதாக இருந்தது.

அப்பாவின் அண்ணன் அவர். ரயில்வேயில் சிக்னல் கேபினில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூரத்து ஊரில் இருந்ததால் பூசணி அவரைப் பார்த்ததே இல்லை. மிளகும் போட்டோவில் பார்த்ததுதான். அந்தக் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. வருகிறவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், வீட்டுப் பொறுப்பில் இருப்பவர் கேட் வரை வந்து, வாங்க என்று சொல்லி, கையில் இருக்கும் பெட்டியை வாங்கிக்கொள்ள வேண்டும். தானாக உள்ளே நுழைவது அவர்களுக்கு வழக்கம் இல்லை. ஒரு தடவை ஒரு சொந்தக்காரர் வீட்டில் யாரும் கேட்டுக்கு வராததால், பெரியப்பா அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டார். அந்த வீட்டுப் படியை அவர் அப்புறம் மிதிக்கவே இல்லை. அப்பாவுக்கு ஞாயிறுதான் ஓய்வு நாள் என்பதால் அன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அவருக்காகத் திரைச்சீலைகளை எல்லாம் அம்மா துவைத்துப் போட்டிருந்தார். சனிக்கிழமை அவற்றை மாடியில் காயப்போட மிளகு போனாள். ஈரத் துணி கனத்தது. கடைசித் திரையை மாட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சற்று உட்கார்ந்தாள். கீழேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. படம் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பிலேயே கண் அயர்ந்துவிட்டது.

விழித்துக் கீழே வந்தபோது பூசணி ஜன்னல் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அக்கா, ஒருத்தர் தட்டிக்கிட்டே இருக்கார். ஒவ்வொரு தடவையும் நான் சரியாச் சொல்லிட்டேன்."

"யாரு?"

"பெரியப்பான்னு பொய் சொல்றார். பெரியப்பா நாளைக்குத்தானே வருவார்? இவர் இன்னிக்கே வந்திருக்கார்."

மிளகு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே, வெயிலில், ஒரு பெரிய பெட்டி மேல் ஒருவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். போட்டோவில் பார்த்த அதே மீசை.

ஓடிப்போய்க் கேட்டருகே நின்றாள். பெரியப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. முந்தின ரயிலில் இடம் கிடைத்ததால் அதிலேயே ஏறிவிட்டதாகவும், வழியெல்லாம் தூக்கம் இல்லை என்றும் சொன்னார். எத்தனை தரம் கேட்டைத் தட்டியும், அப்புறம் வாங்க என்று ஒரு வாண்டு திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்ததாம். அவரும் தெருமுனை வரை போய்விட்டுப் போய்விட்டு வந்தாராம்.

"மன்னிச்சுடுங்க பெரியப்பா. அவன்மேல தப்பு இல்ல. நான் வரைஞ்ச படத்துலதான் தப்பு."

"அது இருக்கட்டும். உங்கப்பன் எங்க?"

"தூங்குறார்."

"எழுப்பு. அவன் வந்து கூப்பிடட்டும். இல்லேன்னா அடுத்த ரயில் இருக்கவே இருக்கு."

குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எழுப்பினால் அப்பாவின் தூக்கம் போய்விடும். இன்று இரவும் அந்த வளைவு வரும். எழுப்பாவிட்டால் பெரியப்பா போய்விடுவார், திரும்பி வரவே மாட்டார். எந்த அம்புக்குறி வழியாகப் போனாலும் கெட்ட இடத்தில்தான் போய் முடிந்தது.

பக்கத்து வீட்டு மாமா சுவருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு விஷயத்தைத் தெருவில் சொல்லக் கூடாது என்பது மிளகுக்குத் தெரியும். பெரியப்பாவின் காதருகே குனிந்து, இமை மூடிக்கொண்டதை மெதுவாகச் சொன்னாள்.

அவர் முகம் மாறியது. ஆனால் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. முறை என்று ஒன்று இருக்கிறதே, அதை என்ன செய்வது என்பதுபோல் கேட்டையே பார்த்தார்.

மிளகு மனதுக்குள் ஒரு வைரம் வரைந்து பார்த்தாள். அதற்குள் இன்னும் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருந்தது.

"பெரியப்பா, நீங்க கேபின்ல வேலை பார்த்தப்ப, தூங்கப் போவீங்கல்ல? அப்ப ரயிலெல்லாம் நின்னுடுமா?"

"அதெப்படி நிக்கும்? அடுத்த ஆள் டூட்டிக்கு வந்துடுவான்."

"அவர் பச்சை காட்டினா வண்டி போகுமா?"

"போகாம? அந்த நேரத்துல கேபின்ல யார் இருக்காங்களோ அவங்கதான் பொறுப்பு. அவங்க வயசையா கேப்பாங்க?"

"அப்பா தூங்குறார். அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க." மிளகு மூச்சை இழுத்துக்கொண்டாள். "இப்ப டூட்டியில நான்தான் இருக்கேன்."

பெரியப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். மீசை லேசாக அசைந்தது. பிறகு எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, பெட்டியைத் தூக்கினார். மிளகுக்குத் திக்கென்றது. அவர் கேட்டை விட்டுப் பின்னால் நடந்தார். எதிரே இருந்த மரத்தடி வரை போனார். அங்கே திரும்பி, அப்போதுதான் ரயிலில் இருந்து இறங்கியவர் போல வீட்டைப் பார்த்து நடந்து வந்தார்.

மிளகு வியர்த்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கேட்டை அகலத் திறந்தாள்.

"வாங்க பெரியப்பா."

"வரேம்மா" என்றார் அவர். பெட்டியை நீட்டினார்.

அது கல் மாதிரி கனத்தது. ஜன்னலிலிருந்து பூசணி பார்த்தான். கதவில் விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தான். பிறகு வெளியே வந்து, பக்கத்தில் நின்ற மிளகிடமே சொன்னான்.

"அக்கா, தெரிஞ்சவர் வந்திருக்கார்."

"சரிடா. ஒரு பக்கம் பிடி."

இருவரும் சேர்ந்து பெட்டியை இழுத்தார்கள். படியில் அது தடாலென்று இடித்தது. அந்த நேரம் பார்த்து பெரியப்பா மரத்தில் இருந்த காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே அறையில் அப்பா குறுக்காகப் படுத்திருந்தார். சீருடையைக்கூட மாற்றவில்லை. ஒரு காலில் இன்னும் காலுறை இருந்தது. பெரியப்பா வாசலில் நின்று பார்த்தார்.

"இவனுக்கு எப்ப இவ்வளவு நரை வந்துச்சு" என்றார், யாரையும் கேட்காமல்.

பிறகு மெல்லப் போய்க் குனிந்து, தம்பியின் காலிலிருந்து அந்தக் காலுறையைக் கழற்றினார். மிளகு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, இல்லாத காக்கையைப் பார்த்தாள்.

அப்புறம் அவள் படத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அந்தச் சிவப்பு அம்புக்குறி வெளியே போக வழியே இல்லாமல் வட்டம் போட்டது. எந்த வழியிலும் முடிவு என்ற முட்டை இல்லை. தெரியாதவர் திரும்பவும் தட்டினால் என்ன செய்வது என்று ஒரு வைரம் சேர்த்தாள். அதிலிருந்து அக்காவுக்கு ஒரு வழி போட்டாள். கீழே இரண்டு முட்டை வரைந்து இரண்டிலும் 'முடிவு' என்று எழுதினாள். பெரியப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டு, சிவப்பை எடுத்துடாதே, கேபினிலும் சிவப்பு வேணும் என்றார்.

அவர் நாற்காலியைக் கதவருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். ஏணியைத் திருப்பித் தர வந்த மாமாவை, கதவைத் தட்டுவதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி அனுப்பிவிட்டார். பிறகு தலை மெல்லச் சாய்ந்தது. மீசைக்குள்ளிருந்து குறட்டை வந்தது. மிளகு ஒரு பாயைப் போட்டுத் தரையில் காலை நீட்டினாள். கால்கள் அவளுக்கு நன்றி சொன்னதுபோல் இருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு அறைக் கதவு திறந்தது. அப்பா வந்தார். யாரும் எழுப்பாமல், தூக்கம் முழுதாகத் தீர்ந்து, தானாக எழுந்து வந்திருந்தார். நாற்காலியில் அண்ணனைக் கண்டதும் பதறிப்போய், என்னமோ சொல்ல வாயைத் திறந்தார்.

பூசணி முக்காலியிலிருந்து குதித்து, உதட்டில் விரலை வைத்தான்.

"பெரியப்பா தூங்குறார். அப்புறம் வாங்க."

அப்பா மிளகைப் பார்த்தார். கதவில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு சொன்ன சொல்லைத் தட்டாமல், அடி மேல் அடி வைத்துத் திரும்பிப் போய் மறுபடி படுத்துக்கொண்டார்.