கோணலூர் மேயரின் குரல்

பகல் பொழுதில் எல்லா வீடுகளும் ஜன்னல்களை மூடி வைக்க வேண்டும், கடற்காற்று முழுவதும் காற்றாலைகளுக்கே போய்ச் சேர வேண்டும் என்று சங்குமுனை நகர ஆட்சிக் குழு ஆணையிட்டது. மங்கையர்க்கரசி அந்த ஆணையை இரண்டாம் முறையும் படித்தாள். அதில் ஒரு வாக்கியம் அவளுடையது. 'வீட்டுக்குள் வரும் காற்று வீணாய்ப் போகும் காற்று.' கோணலூர் மேயருக்காகச் சில மாதங்களுக்கு முன்பு அவள் எழுதிய வசனம் அது.

'கோணலூர்' பெரியவர்களுக்கான அசைபடத் தொடர். ஒவ்வொரு கதையும் மூன்று நிமிடம்தான். சாயங்காலம், பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு மக்கள் சுவர்த்திரை முன்னால் உட்காருவார்கள். பூசணிக்காய்த் தலையுள்ள மேயர் கிறுக்குத்தனமாக ஒரு சட்டம் போடுவார். ஊர்க்காரர்கள் காது கூசும்படி அவரைத் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே சட்டத்துக்குக் கீழ்ப்படிவார்கள். எழுதுவதும் வரைவதும் அரசி. மேயருக்குக் குரல் கொடுப்பவர் பாக்கியநாதன். மூக்கும் தொண்டையும் சேர்ந்து இழுக்கிற அந்தக் குரலை அவர் பாவனை செய்யவில்லை. இளம் வயதில் தொண்டையில் நடந்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு வாய்த்த குரலே அதுதான். கடையில் அவர் கத்திரிக்காய் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்கள் சிரித்துவிடுவார்கள்.

சுவர்த்திரை ஒவ்வொன்றின் அடியிலும் துவரம்பருப்பு அளவில் ஒரு நகைமானி இருந்தது. அறையில் எழும் சிரிப்பை அது கேட்டு அளக்கும். மனம்விட்ட சிரிப்பு எது, மரியாதைக்குச் சிரிப்பது எது, எரிச்சலில் சிரிப்பது எது என்று பிரித்துச் சொல்லும். மறுநாள் காலையில் அந்தக் கணக்கு வரைபடமாக அரசியின் மேசைக்கு வரும். எந்த இடத்தில் நகரம் சிரித்தது, எந்த இடத்தில் கொட்டாவி விட்டது என்று அதைப் பார்த்துத்தான் அவள் எழுதக் கற்றுக்கொண்டாள். தன் தொழிலில் அவளுக்கு அதைவிட நல்ல துணை இருந்ததில்லை.

"என்னம்மா இது, நாம பேசினதை அப்படியே போட்டிருக்கானுவ" என்றார் பாக்கியநாதன், ஒலிப்பதிவு அறையில் ஆணையைப் பார்த்துவிட்டு. "எங்க வீட்டுக்காரி ரோஸம்மா காலையிலேயே ஜன்னலைச் சாத்திட்டா. கேட்டா, 'நீங்கதானே சொன்னீய'ங்கா."

"எனக்குச் சிரிப்பு வரல அண்ணாச்சி. நான் போய்க் கேட்டுட்டு வாரேன்."

ஆணையின் கீழே கையெழுத்திட்டிருந்தவர் இசைவுத் துறையின் செயலாளர் கோமதிநாயகம். அவர் அவளை எழுந்து நின்று வரவேற்றார். தேநீர் வரவழைத்தார். குற்றம் செய்தவர் முகமாகவே இல்லை அது.

"உங்க வசனத்தை எடுத்தது தப்புதான் மேடம். ஆனா ஜனங்களுக்குப் பழகின வார்த்தையா இருந்தா சங்கடப்பட மாட்டாங்க பாருங்க."

"நான் அதைக் கிண்டலுக்கு எழுதினேன் சார்."

"தெரியும். அதனாலதான் அது எங்களுக்குப் பயன்படுது." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "முன்னாடியெல்லாம் ஒரு சட்டம் போட்டா ஜனங்க ரோட்டுக்கு வந்துருவாங்க. பஸ் எரியும். சுட வேண்டி வரும். நானே பாத்திருக்கேன். இப்ப எத்தனையோ வருஷமா ஒரு கல்லுகூட விழல. நகைமானி சொல்லிடுது. ஒரு விஷயத்தைக் கேட்டு மனசார சிரிச்சுட்டாங்கன்னா, அது அவங்களுக்குப் பழகிடுச்சுன்னு அர்த்தம். கோவப்பட்டாங்கன்னா நாங்க அந்தப் பக்கமே போக மாட்டோம்."

"இதை ஊருக்குச் சொல்லணும். நான் சொல்லத்தான் போறேன்."

"ஏற்கனவே சொல்லிட்டீங்களே." அவர் குரலில் ஏளனம் இல்லை. "மேயர் ஒரு சாக்கை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போய்ச் சிரிப்பைப் பிடிச்சுக் கட்டிக்கிட்டு வருவாரே. அதை நிறுத்துப் பாத்துச் சட்டம் போடுவாரே. அந்தக் கதைக்கு ஊரே விழுந்து விழுந்து சிரிச்சுது. அதுக்கப்புறம்தான் இந்தத் துறையையே ஆரம்பிச்சோம்."

அரசிக்கு அந்தக் கதை நினைவிருந்தது. அந்தச் சாக்கை வரைய அவள் ஒரு முழு நாள் செலவழித்திருந்தாள்.

அவள் எழுந்தபோது அவர் தடுக்கவில்லை. "அடுத்த கதைக்கு ஒரு பொருள் சொல்லலாமா?" என்று மட்டும் கேட்டார். "கரையில தண்ணியும் பத்தல, இடமும் பத்தல. அறுபத்தஞ்சு தாண்டினவங்களைக் கடல்ல மிதவைக் குடியிருப்புக்கு மாத்துறதா ஒரு யோசனை இருக்கு. மேயர் இப்படி ஒரு சட்டம் போட்டா எப்படி இருக்கும்?"

"அண்ணாச்சிக்கு அறுபத்தேழு."

"தெரியும் மேடம்."

"நான் எழுத மாட்டேன்."

"அப்ப எங்க வரைவசைப்பி இயந்திரமே எழுதி வரைஞ்சிரும். இதுவரைக்கும் நீங்க செஞ்ச எல்லாக் கதையையும் அதுக்குப் பாடமாக் கொடுத்திருக்கோம். அது உங்களைவிட நல்லாவே சிரிக்க வைக்கும்."

அவள் கதவு வரை போய்த் திரும்பி வந்தாள். பிறகு, "நானே எழுதுதேன்" என்றாள்.

அரசி அன்றே பாக்கியநாதன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மூடிய ஜன்னல்களுக்குள் வீடு அடுப்பு மாதிரி கொதித்தது. ரோஸம்மா விசிறியை எடுத்து அவளுக்கு வீசிக்கொண்டே கேட்டாள், "எனக்கு அம்பத்தொம்பதுதானே ஆவுது. அப்ப நான் இவிய கூடப் போவ முடியாதா?"

பாக்கியநாதன் விசிறியை வாங்கி ரோஸம்மாவுக்கு வீசினார்.

"யாருமே சிரிக்காத ஒரு கதை செய்வோம் அண்ணாச்சி" என்றாள் அரசி. "ஒருத்தர்கூடச் சிரிக்கக் கூடாது. பாத்தா கோவம் வரணும். அவங்க கணக்குல முட்டை விழுந்தா இதைத் தொட மாட்டாங்க. அவரே சொன்னாரு."

அந்தக் கதையில் பூசணிக்காய் இல்லை. மேயர் இல்லை, கோணலூர் வீதி இல்லை, பின்னணி இசையும் இல்லை. ஒரு கட்டில், ஒரு மனிதர், தரையில் திறந்து கிடக்கும் ஒரு பை. அரசி பாக்கியநாதனின் முகத்தையே வரைந்தாள், கன்னத்து மருவைக்கூட விடவில்லை. அவர் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைக்கிறார். வாசலில் ஆட்கள் நிற்கும் நிழல் தெரிகிறது; அறுபத்தைந்து தாண்டியவர்கள் மிதவைக்குப் போக வேண்டும் என்ற ஆணை கதவில் ஒட்டியிருக்கிறது. "ரோஸம்மா, ராத்திரி கதவைத் தாப்பா போட்டுராத. ஒருவேள நான் திரும்பி வந்தா தட்டுறது ஒனக்குக் கேக்காது" என்கிறார். அதோடு கதை முடிகிறது. ஒலிப்பதிவின்போது அந்த வரியில் பாக்கியநாதன் உடைந்துவிட்டார். அரசி அதை அப்படியே வைத்துக்கொண்டாள்.

ஒளிபரப்பன்று அவள் தன் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் அண்டை வீட்டாரோடு உட்கார்ந்து பார்த்தாள். பக்கத்தில் மூன்றாம் மாடி சேர்மக்கனி. சங்கு கடை வைத்திருப்பவள். கோணலூரை ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை.

படம் தொடங்கியதும் கூடம் அடங்கியது. சட்டை மடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்திருந்தாள். அரசிக்கு நெஞ்சில் மெல்ல ஒரு தெம்பு வந்தது. கடைசி வரிதான் பாக்கி.

"ரோஸம்மா, ராத்திரி கதவைத் தாப்பா போட்டுராத..."

பின்னாலிருந்து ஒரு குரல், "ஏய், இது மேயருல்லா" என்றது.

யாரோ களுக்கென்று சிரித்தார். அது வரிசை வரிசையாகப் பரவியது. மேயர் தான் போட்ட சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டார்! பூசணித் தலையைக் கழற்றிவிட்டுப் பையைக் கட்டுகிறார்! அழுகிறார் வேறு! அந்தக் குரல் உடைந்த இடத்தில் கூடமே குலுங்கியது. கண்ணில் நீர் முட்டச் சேர்மக்கனி அரசியின் தோளில் சாய்ந்துகொண்டாள். "மேயரையே அனுப்பிட்டியே பாவி. இந்த மாதிரி நீ எழுதினதே இல்ல."

மறுநாள் வந்த வரைபடத்தை அரசி திறந்தாள். தொடர் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு உயரமான கோடு வந்ததில்லை. எல்லாமே மனம்விட்ட சிரிப்பு.

மிதவை ஆணை மழைக்காலம் முடிந்ததும் வந்தது. கோமதிநாயகம் சொன்னது சரிதான். ஒரு கல்லும் விழவில்லை. படகுத்துறைக்கு வழியனுப்ப ஊரே வந்திருந்தது. காவலர்கள் நாலைந்து பேர்தான் நின்றார்கள், அவர்கள் கையில் தடி இல்லை. வயதானவர்கள் பைகளோடு வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் படகில் ஏறினார்கள்.

பாக்கியநாதன் தன் முறை வந்ததும் துறையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ரோஸம்மா அவருடைய சட்டையைப் பிடித்திருந்தாள்.

"நான் போவல" என்றார். "என்னை விட்டுருங்க. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பிறகு சிரிப்பு.

"ஏ, மேயரு" என்றான் ஒருவன், பக்கத்திலிருந்தவனை இடித்து.

"ஐயா, நெசமாத்தான் சொல்லுதேன். இவளை யாரு பாத்துக்கிடுவா?" அவர் குரல் உயர உயர அது மேலும் மேலும் மேயரின் குரலாகவே ஆனது. சிரிப்பும் கூடியது. ஒரு பெண் தன் இடுப்புப் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, "அந்தா பாரு, பூசணிக்கா மாமா" என்றாள்.

அரசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். "சிரிக்காதீங்க" என்று கத்தினாள். "இது கதை இல்ல. அவரு அழுவுதாரு. பாருங்க, நெசமாவே அழுவுதாரு."

யாரோ அவளை அடையாளம் கண்டு கைதட்டினார். அவளும் வேடிக்கையில் ஒரு பங்கு என்று நினைத்து மற்றவர்களும் தட்டினார்கள்.

பாக்கியநாதன் கூட்டத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். வாயைத் திறந்தார். அடுத்த சொல்லுக்காக எல்லா முகங்களும் மலர்ந்து காத்திருந்தன. அவர் வாயை மூடிக்கொண்டார். ரோஸம்மாவின் விரல்களைச் சட்டையிலிருந்து மெதுவாகப் பிரித்தார். ஒரு வார்த்தையும் பேசாமல், யாரும் தொடாமலே, படகில் ஏறி உட்கார்ந்தார்.

படகு நகர்ந்தது. அரசியின் அருகில் சேர்மக்கனி வந்து நின்றாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது.

"பாவம், தங்கமான மனுசன்" என்றாள். "எனக்கும் வார தையில அறுபத்தஞ்சு முடியுது."

சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறுபடியும் சிரித்தாள்.