விழிமானியின் நற்சான்று

கிளாடிஸ் விழிமானியின் குழியில் கண்ணை வைத்தாள். நாலே விநாடியில் பச்சை எழுத்து வந்தது: "நலம்." அவள் குனிந்து பாதத்தைப் பார்த்தாள். வீங்கிய சதைக்குள் செருப்பு வார் புதைந்திருந்தது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள் அவள். பதினாறு வருடச் சர்க்கரை. மூன்றாண்டுகளுக்கு முன் விழித்திரையில் ரத்தம் கசிந்து, வேலை போய்விடும் என்றிருந்த நேரத்தில்தான் ஆர்க்கிட் சொட்டு மருந்து வந்தது. மலைக்காட்டு ஆர்க்கிட் ஒன்றின் தண்டுச்சாறு அது. கண்ணின் நுண்குழாய்களைப் புதுப்பித்தது. இரண்டு மாதத்தில் பார்வை தெளிந்தது. சர்க்கரை உள்ள எல்லோரும் அதையே போட்டுக்கொண்டார்கள்.

ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அதற்கு வெகு முன்பே நின்றுபோயிருந்தது. விழித்திரைக் குழாய்களைப் பார்த்தே சிறுநீரகம், இதயம் எல்லாவற்றின் நிலையையும் விழிமானி சொல்லிவிடும். தொடர்ந்து பச்சை வந்ததால் கிளாடிஸுக்கு மாத்திரைகளையும் குறைத்திருந்தார்கள்.

வீக்கத்தைச் சொன்னபோது மருத்துவர் வயதுதான் காரணம் என்றார். ரத்தம் பார்க்கச் சொன்னாள். அதற்கு இப்போது கருவியே இல்லை என்றார். காலையில் முகம் ஊதியிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஆடுமாடுகள் விழிமானிக்குள் கண்ணை வைக்காது, அவற்றுக்கு இன்னும் ரத்தம்தான் எடுப்பார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கால்நடை மருத்துவர் முத்தையா முதலில் மறுத்தார். கடைசி ஆடு போகும்வரை கிளாடிஸ் பெஞ்சை விட்டு எழவில்லை. பிறகு ரத்தம் எடுத்தார். முடிவை இரண்டு தடவை வாசித்தார்.

"ரெண்டு கிட்னியும் முக்காவாசி போயிருச்சும்மா. சொட்டு மருந்து கண்ண மட்டுந்தான் சரியாக்கிருக்கு. மெசினு கண்ண மட்டுந்தான பாக்குது."

அந்தத் தாளோடு பெரிய மருத்துவமனைக்குப் போனாள். ரத்தச் சுத்திகரிப்புக்குப் பதிய விழிமானியின் சிவப்புச் சான்று வேண்டும், கால்நடைத் தாள் செல்லாது என்றாள் பதிவுப் பெண். சொல்லிவிட்டுத் தாளை இன்னொரு முறை வாசித்தாள். பிறகு மேசைக்கடியில் வீங்கியிருந்த தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் கிளாடிஸ் துறைமுகத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தாள். கெடப்போகும் கண்ணோடு ஆட்கள் தலைக்கு மேல் பளு தூக்க அவளுக்கு மனமில்லை.

மாலையில் கணவர் ரெஜினால்டு வழக்கம்போல் சொட்டு மருந்தை எடுத்துவந்தார். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள்.

"எத்தன நாளைக்கு?" என்றார்.

"சிவப்பு வார வரைக்கும். கிட்னி முழுசும் போறதுக்குள்ள கண்ணு கெடணும்னு வேண்டிக்கோங்க."

ரெஜினால்டு செபமாலையைக் கையில் எடுத்தார். எதைக் கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.