நடுவில் உட்காராத சுல்தான்

செம்மண் காற்று கெய்ரோவின் மேல் இறங்கிய காலையில் மூத்த படைத்தலைவரான அமீர் பெக்லமிஷ் கோட்டைக்குள் நுழைந்தார். பகலிலேயே விளக்கேற்ற வேண்டியிருந்தது. அரியணை மண்டபத்தில் சாம்பிராணிப் புகையை மீறிப் புழுதி வாடை அடித்தது.

புதிய சுல்தான் பதவியேற்கும் நாள். இல்யாஸுக்கு வயது ஆறு.

அவனுடைய அண்ணன் தாவூதை அரியணை ஏற்றியதும் பெக்லமிஷ்தான். பதினேழு வயதுப் பையன், காட்டிய இடத்தில் முத்திரை குத்துவான் என்று நினைத்தார். அவனோ மூத்த அமீர்களையே சிறைப்பிடிக்கப் பார்த்தான். குளிர்காலம் முடிவதற்குள் அமீர்களின் மம்லூக் அடிமைப்படை கோட்டையைச் சூழ்ந்தது. காவலர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். தாயின் அறையில் ஒளிந்திருந்தவனிடம், "வெளிய வாங்க, உங்க உயிருக்கு நான் பொறுப்பு" என்று குர்ஆன்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார் பெக்லமிஷ்.

நம்பி வந்தான். அன்று மாலையே கோபுர அறையில் வில்லின் நாண் அவன் கழுத்தை இறுக்கியது. காய்ச்சலில் போய்விட்டான் என்று ஊருக்குச் சொன்னார்கள்.

இப்போது இல்யாஸைத் தூக்கி அரியணையில் வைத்தார்கள். அவன் ஓரமாக நகர்ந்துகொண்டான்.

"நடுவுல உக்காருங்க, எஜமானே" என்று கிசுகிசுத்தார் பெக்லமிஷ்.

"அண்ணன் உக்காந்திருக்காரே. நீங்க தள்ளி நில்லுங்க, அவர் காலை மிதிக்கிறீங்க."

பெக்லமிஷ் சட்டென்று பின்வாங்கினார்.

"பாவம், அண்ணனால சத்தமாப் பேச முடியல. கழுத்து வலிக்குதாம்."

பக்கத்தில் நின்ற அமீர் சுன்குர் பல்லைக் கடித்தார். "புள்ள ஏதோ உளறுது. சத்தியப் பிரமாணத்தைச் சீக்கிரம் முடிங்கய்யா."

பெக்லமிஷ் குர்ஆன்மேல் கைவைத்தார்.

அதன்மேல் இன்னொரு கை படிந்தது.

சில்லிட்ட கை.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தன் கையை உருவவும் முடியவில்லை. கடைசிச் சொல்லைச் சொல்லி முடித்த பிறகே அந்தப் பிடி தளர்ந்தது.

வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் புதிய சுல்தானுக்காக துஆ கேட்க, தொழுகை உரை நிகழ்த்தும் கத்தீப் மிம்பர் மேடையில் ஏறினார். "யா அல்லாஹ், எங்கள் சுல்தான் தாவூதுக்கு நீண்ட ஆயுளைக் கொடு!"

மறுகணமே வாயைப் பொத்திக்கொண்டார்.

"இல்யாஸ்னுதான் சொல்ல வாயெடுத்தேன், அமீரே! அது என் குரலே இல்ல!" என்று பிறகு காலில் விழுந்து கதறினார். பெக்லமிஷ் அவரை விரட்டிவிட்டு வேறொருவரை வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை புதியவர் ஏறினார். நரைத்த தாடிக்குள்ளிருந்து, நெரிபட்ட தொண்டையோடு ஓர் இளங்குரல் கரகரத்தது.

அதே பெயர்.

கூட்டம் முழுவதும் ஆமீன் சொன்னது. பெக்லமிஷ் உதடுகளை இறுக மூடியிருந்தார்.

அவருடைய தொண்டைக்குள்ளிருந்தும் ஓர் ஆமீன் வந்தது.