மரச்செவி

காலையில் மரச்செவி ஏழு வேங்கை மரத்தைச் சொன்னால், மதியத்துக்குள் ஏழும் தரையில் கிடக்கும். பன்னிரண்டு வருஷமாக மலையில் அதுதான் சட்டம். மழை பொய்த்து, கடல் தாண்டி வந்த துளைவண்டு காட்டைத் தின்னத் தொடங்கியபோது வந்த கருவி அது. வண்டு துளைத்தால் மரம் உள்ளுக்குள் அழுமாம். மனிதக் காதுக்கு எட்டாது, கருவிக்கு எட்டும். உடனே வெட்டான் என்ற எட்டுக்கால் எந்திரம் நடந்து வந்து அறுத்துவிடும். நோய் பரவாதாம். படித்தவர்கள் சொன்னார்கள்.

வனக்காவலர் சடையன் அதை ஒருநாளும் நம்பியதில்லை. ஆனால் உண்ணிமுள் புதரை அரிவாளால் வெட்டி, ஒவ்வொரு மரத்துக்கும் வெட்டானுக்குப் பாதை போட்டது அவர் கைதான்.

அறுத்த வேங்கையில் ரத்தமாய்ப் பால் வடியும். குழந்தைக்குப் பொட்டு காய்ச்ச அதைச் சிரட்டையில் பிடித்துப் போவது மலைக்காரர் வழக்கம். பாலில் வண்டுகள் மூழ்கிச் செத்துக் கிடக்கும். சடையன் வீட்டிலும் துணியில் வடிகட்டி வண்டை எறிந்துவிட்டுத்தான் காய்ச்சினார்கள். பன்னிரண்டு வருஷம் எறிந்தார்கள்.

அவர் மச்சான் சித்தன் மட்டும் முதல் வருஷமே ஆபீசில் வாயைத் திறந்தான்.

"மரம் பாலைப் பீச்சி வண்டைக் கொல்லுதுங்க. அந்தச் சத்தத்தைப் போயி அழுகைங்கறீங்களே."

மறுவாரம் அவனுக்கு வேலை இல்லை. அவன் பேசியபோது சடையன் பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த வருஷம் மரச்செவி ஒரு மரத்தையும் சொல்லவில்லை. காடு குணமாகிவிட்டதென்று மேலிடத்தில் விருந்து வைத்தார்கள். வைகாசிக்குள் மலை நின்றபடியே காய்ந்தது. வண்டோடு மல்லுக்கட்டத் தெரிந்ததையெல்லாம் அறுத்தாயிற்று. சத்தம் போடாமல் சாகிறவைதானே மிச்சம்.

புதிதாக வந்த வனச்சரகர் தமயந்தி சடையனிடம் கேட்டார்: "ஐயா, வண்டைக் கொல்ற வேங்கை ஒண்ணாச்சும் இருக்கா? அதை வெச்சுத்தான் இனிக் காட்டை வளக்கணும்."

"இருந்துச்சுங்க. எல்லாத்துக்கும் நாந்தானுங்க பாதை போட்டேன்."

மூன்று நாள் முள்ளை வெட்டித் தேடினார். நாலாம் நாள், புதருக்குள் ஒரு பழைய அடிக்கட்டையில் விரல்தடிமன் துளிர் கண்டார். கிள்ளினால் சிவப்பு. தண்டில் ஒரு வண்டு பாலில் ஒட்டிச் செத்திருந்தது. வாக்கிடாக்கியில் சொன்னார்.

"வெட்டானை நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கேன்யா. உத்தரவு வர ரெண்டு நாள் ஆகும்," என்றார் தமயந்தி. "நான் கிளம்பி வர்றேன். விட்றாதீங்க."

பின்னால் சருகு நொறுங்கியது. துளிரின் சத்தம் மரச்செவிக்கு எட்டியிருக்க வேண்டும். அவர் வெட்டிவைத்த பாதையிலேயே வெட்டான் வந்தது.

சடையன் துளிருக்கு முன்னால் நின்று கத்தினார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மச்சான் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் சொன்னார். வெட்டானுக்கு மரத்தின் சத்தம் கேட்கும். மனிதன் கத்துவதைக் கேட்க யாரும் அதற்குச் செவி வைக்கவில்லை.

அது அவரைச் சுற்றிக்கொண்டு துளிரிடம் போயிற்று.