இரவல் வம்சம்

மேற்றிசையில் கதிரவன் சாய்ந்து, டைவி நதியின் நீர் செம்பொன்னாய்த் தகதகக்க, குன்றின் மேலிருந்த ரோதிரிப் பிரபுவின் கோட்டையில் பந்தங்கள் ஒவ்வொன்றாய் ஏற்றப்பட்டன. வேல்ஸ் நாட்டின் அக்கோட்டையில் அன்று திருமணம். மணமகள் பிரபுவின் மகள் நெஸ்தா. மணமகன் தென்னாட்டு வீரன் இவோர். அன்பார்ந்த வாசகர்களே, ஊர் அறிந்தது அவ்வளவுதான். உண்மை வேறு! போரில் மாண்ட மன்னர் காத்வானின் ஒரே குமாரி அவள். அந்த அரச ரத்தம் அடியோடு அற்றுப்போக வேண்டுமென்பது வென்ற ஆங்கில மன்னனின் ஆணை. அகப்பட்டால் ஆயுள் முழுதும் சிறைதான். அதனாலன்றோ ரோதிரி அவளைத் தம் மகளென்று சொல்லி வளர்த்தார்! விருந்திலோ ஆங்கிலத் தளபதியும் அமர்ந்திருந்தான்.

மோதிரம் அணிவிக்கும் முன் பாணர் இரு வீட்டு மூதாதையரையும் பாடுவது அந்நாட்டு வழக்கம். தொடங்கிய வம்சாவளியை நடுவில் மாற்றுவது பெரும் பாவம். பாணர் மெய்லிர் யாழை மீட்டி இவோரின் முன்னோரைப் பாடினார். பிறகு, ஏற்கெனவே பேசிவைத்தபடி, ரோதிரியின் முன்னோரையே நெஸ்தாவின் முன்னோராகப் பாடத் தொடங்கினார். ஓரிடத்தில் அவர் குரல் தடுமாறியது. "ஓவைன்!" என்றார். ஐயையோ! இவோரின் கொள்ளுப்பாட்டனும் அதே ஓவைன்தான்!

பாதிரியார் எழுந்தார். "ஒரே மூதாதையின் வழித்தோன்றல்களா? திருச்சபை விதிப்படி இம்மணம் கூடாது!"

ரோதிரி நெற்றியில் அறைந்துகொண்டார். இவோர் தூரத்து உறவினன் என்பது அவருக்குத் தெரியாததா? ஆனால் அவர் மனத்தில் நெஸ்தா என்றுமே மன்னர் மகள். சொன்ன பொய் அவளைத் தம் ரத்தமாக்கிவிட்டதை மனிதர் மறந்தே போனார்! என்ன மறதி ஐயா இது!

"பேசாதே அம்மா. சுதந்திரமாகவாவது இரு" என்று, உண்மையைச் சொல்ல வாயெடுத்த நெஸ்தாவிடம் அவர் முணுமுணுத்தார்.

"இருந்து என்ன செய்வேன், தந்தையே? இவரை அண்ணா என்று அழைக்கவா?"

நெஸ்தா சபையை நோக்கினாள். "நான் காத்வான் மன்னரின் மகள். மெய்லிரே, என் வம்சத்தைப் பாடும்!"

கிழவர் அழுதுகொண்டே பாடினார். இவோரின் முன்னோர் ஒருவரும் அதில் இல்லை. "தடையில்லை" என்றார் பாதிரியார். தளபதியின் வாள் உறையை விட்டு வெளிவந்தது.

"தேவி, என்னுடன் வர வேண்டும்."

"வருகிறேன். மோதிரம் அணியும்வரை பொறுக்கமாட்டீரா?"

அவன் தலைகுனிந்து வாளை உறையிலிட்டான். மோதிரத்தை அணிவித்த இவோரின் கை அடுத்த கணம் தன் வாளைத் தேடியது. நெஸ்தா அதைப் பற்றிக்கொண்டாள்.

"வேண்டாம், சுவாமி! வாசலெங்கும் அவருடைய வீரர்கள். தாங்கள் உயிரோடிருக்க வேண்டும்."

"உன் மோதிரத்தின் மீது ஆணை, நெஸ்தா! இனி எனக்கு வேறு மனைவி இல்லை."

படகு அவளை ஏற்றிக்கொண்டு நதியில் இறங்கியபோது, மெய்லிர் கரையில் நின்று அவள் வம்சத்தை மறுபடி பாடினார். முடிவில் "நெஸ்தா, இவோரின் மனைவி" என்று புதிதாகச் சேர்த்தார். அடுத்து ஒரு குழந்தையின் பெயரைச் சேர்க்க அவர் சாகும்வரை காத்திருந்தார். பாவம், அந்தப் பாட்டு இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.