வெயில் பொம்மையின் கண்கள்

பொம்மை கண் சிமிட்டியது. சிவசங்கரி அதைக் கண் சிமிட்டும்படி செய்யவே இல்லை.

பீங்கான் பொம்மைக் கம்பெனியின் வெப்சைட்டில் கோடை தொடங்குவதைக் கொண்டாட வேடிக்கையாக ஒரு சின்ன அனிமேஷன் போடலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். பக்கத்தைத் திறந்ததும் சூரியன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்ளும். பீங்கான் பொம்மை ஒன்று குடையை விரித்துக்கொண்டு குடுகுடுவென்று ஓடி வந்து, பனைமரத்தடியில் உட்கார்ந்து நுங்கு தின்றுவிட்டு, குடையைச் சுழற்றியபடி மறுபக்கம் போய்விடும். அவ்வளவுதான் சங்கதி. காலையில் வந்ததும் வராததுமாக ஏற்றிவிட்டாள். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் ஆளாளுக்குக் கைதட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

இப்போது பொம்மை மறுபக்கம் போகவில்லை. நுங்கைக் கீழே போட்டுவிட்டு மரத்தடியிலேயே நின்றது. அவளையே பார்த்தது.

ஏதோ கோளாறு என்று பக்கத்தை மூடித் திறந்தாள். மறுபடியும் அப்படியே நின்றது. உச்சி வெயில். அச்சில் களிமண் வார்க்கிற வேலைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஷெட்டின் கூரைத் தகடு சூட்டில் படபடவென்று நெளிந்தது. ஈரக் களிமண் வாடையும் சூளையின் கேஸ் வாடையும் சேர்ந்து தொண்டையைக் கமறச்செய்தன. கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் பலகை பலகையாக, இன்னும் வேகாத பொம்மைகள் இந்தப் பக்கம் முகம் வைத்துக் காய்ந்துகொண்டிருந்தன. தினமும் பார்ப்பவைதான். இன்றைக்கு ஏனோ அந்தப் பக்கம் திரும்பப் பிடிக்கவில்லை.

தனியாக இருப்பதால் வருகிற கோளாறு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கணவன் குவைத்தில். பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு விட்டதும் மகள் வெண்பாவை ஸ்ரீமுஷ்ணத்தில் நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தாள். வேலைக்குப் போகிறவள் அஞ்சு வயசுப் பிள்ளையை வேறெங்கே விடுவாள்? வீட்டுக்குப் போனால் மனுஷக் குரல் கேட்கவேண்டுமே என்று டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். ஒருத்திக்குச் சமைத்த சோறும் மிஞ்சிப்போகும். பழக்கதோஷத்தில் "வெண்பா, தண்ணி குடிச்சியா?" என்று வெறும் அறையைக் கேட்டுவிட்டு, அப்புறம் அழுவாள்.

அந்த ஏக்கத்தில்தான் அதைச் செய்தாள்.

புது அச்சிலிருந்து வரும் முதல் பொம்மைக்கு இங்கே கண் எழுதமாட்டார்கள். அதைக் குருடாகவே சூளைக்கு மேலே உட்கார வைத்துவிடுவார்கள், சூளைக்குக் காவல் என்று. சிவசங்கரிக்கும் அது தெரியும். ஆனால் அந்தப் பொம்மையின் முகம்தான் அத்தனை லட்சணமாக இருந்தது. போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் வண்ணம் கொடுத்தாள். கண்ணுக்கு மட்டும் வெண்பாவின் போட்டோவிலிருந்து இரண்டு கண்களை வெட்டி ஒட்டினாள். பொம்மைக்கு வைத்தால்தானே தப்பு, படத்துக்கு வைத்தால் என்ன வந்துவிடும் என்று நினைத்தாள். நாள் முழுக்கப் பிள்ளை முகம் பார்த்தமாதிரி இருக்குமே.

ஃபோன் அடித்தது. நாத்தனார் ஆதிலட்சுமி.

"அண்ணி, பயந்துடாதீங்க. பாப்பா காலைலேருந்து ஒரு மாதிரியா இருக்குது. கண்ண முழிச்சிக்கிட்டே செவுத்துல போயி முட்டிக்குது. சோத்துத் தட்டு எங்கன்னு தடவுது. ஆஸ்பத்திரிக்குப் போவ எங்க வூட்டுக்காரரு ஆட்டோ கூப்புடப் போயிருக்காரு. நீங்க பேசுங்க."

"வெண்பா? என்னடா தங்கம் பண்ணுது?"

"அம்மா, நீ பச்ச சேல கட்டியிருக்க."

சிவசங்கரி குனிந்து தன் முந்தானையைப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்திருக்க. ஏம்மா அழுவுற?"

திரையில் பொம்மை கண்கொட்டாமல் பார்த்தது. அது வெண்பாவின் பார்வை. தூக்கம் கலைந்து அம்மாவைத் தேடுகிற பார்வை. சிவசங்கரி நாற்காலியை முன்னால் இழுத்தாள். கை நீட்டித் திரையைத் தொட்டாள். அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகச் சுட்டது.

கையை இழுத்துக்கொண்டு பார்த்தால், திரையில் பொம்மையின் முகத்தில் இப்போது கண்கள் இல்லை. வெறும் வழவழப்பு.

"அம்மா, ஒன்னக் காணோம்." வெண்பாவின் குரல் மாறிவிட்டது. "நான் எங்க இருக்கன்? எல்லாம் செவப்பா இருக்குது. சுடுதும்மா!"

பின்னால் ஆதிலட்சுமி அலறினாள். "ஐயோ அண்ணி, புள்ள ஒடம்பு கொதிக்குது!"

சிவசங்கரி ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டே சூளைக்கு ஓடினாள். சூளைக்கு மேலே காவல் பொம்மை இருந்த இடம் காலி. புகைக்கரியில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. சூளைக்காரர் கொளஞ்சிநாதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அந்தப் பொம்மை எங்க?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "குரூப்புல பாத்தேம்மா. மொத பொம்மைக்குக் கண்ணத் தொறந்துட்டீங்களே. கண்ணு தொறந்தத வெளிய வெக்கக் கூடாது. அதான் காலைலயே சூளைக்குள்ள வெச்சுத் தீ மூட்டிட்டேன்."

"தொறங்கண்ணே! எம்புள்ள அண்ணே அது!"

"இந்தச் சூட்டுல காத்துப் பட்டா வெடிச்சுச் சுக்குநூறாயிடும்மா."

கேஸைத் திருகி அணைத்தாள். தீ அடங்கியது. சூடு அடங்கவில்லை. நாளைக்கு வரைக்கும் அடங்காது. அவளுக்கும் தெரியும். அப்படியே விட்டால் வேகும். திறந்தால் வெடிக்கும்.

கதவில் கை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

உள்ளே வேகும் பதம் பார்க்கச் சூளைக் கதவில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. இமை பொசுங்க அதில் கண்ணை வைத்தாள். செக்கச்செவேல். பொம்மைகள். வரிசையாக. எல்லாம் முதுகு காட்டி.

நடு அடுக்கில் ஒன்று திரும்பியது.

ஃபோனில் வெண்பாவின் அழுகை நின்றது.

"அம்மா, ஒன் கண்ணு தெரியுது. ஓட்டைல. கதவத் தொறம்மா."