தகரத்துக்கு அந்தப் பக்கம்

ஊரடங்கில் தெருக்கள் எப்படி ஓய்ந்துபோகும் என்று சுகாதார மேற்பார்வையாளருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அக்கா வீட்டுத் தெருவில் நுழைந்தபோது அந்த அமைதி அவருக்குப் பிடிக்கவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ப்ளீச்சிங் பவுடர் நெடி மூக்கைக் குத்தியது. கடைசி வீட்டின் வாசலை மறைத்து, அவரே நின்று அடிக்கவைத்த தகரம், நோய்த்தொற்று உள்ள வீடு என்ற ஸ்டிக்கரோடு அப்படியே இருந்தது.

மனிதர் வேலையில் கறார்ப் பேர்வழி. தனியாக வாழும் சொந்த அக்காவுக்குத் தொற்று என்று தெரிந்ததும், "அக்காவா இருந்தா என்ன, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று நெஞ்சை நிமிர்த்தி, பத்துப் பேர் பார்க்க வீட்டை அடைத்தார். ஊரே மெச்சியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அடைத்த வீட்டுக்குத் தினமும் போக வேண்டும், தகரத்தைத் தட்டி உள்ளே இருப்பவரின் நலம் கேட்க வேண்டும், போனதற்குச் சாட்சியாகத் தகரத்தின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். இதுதான் உத்தரவு. நம் கறார்ப் பேர்வழி என்ன செய்தார் தெரியுமா? அடைத்த அன்றே, வண்டியிலிருந்த முகக்கவசங்களை மாட்டி மாட்டி வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டார். முதலில் நீலம், அப்புறம் வெள்ளை, அப்புறம் கட்டம் போட்டது. பிறகு வீட்டில் உட்கார்ந்தபடியே தினம் ஒன்றாக அனுப்பிவைத்தார். பயம்தான், வேறொன்றுமில்லை. அம்மா போனபின் தன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவளின் மூச்சுக்காற்றைக் கண்டு பயம். அவள் போன் செய்தாள், இவர் எடுக்கவில்லை. பிறகு போன் வருவதும் நின்றுவிட்டது.

இன்று தகரத்தைப் பிரிக்கும் நாள். உள்ளே அக்கா உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாது. இருந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பது என்பதும் தெரியாது. இந்த இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறோம் என்று தன்னையே கேட்டுப் பார்த்தவருக்கு, கிடைத்த பதிலில் உடம்பே கூசியது.

கூட வந்த தகரம் அடிப்பவர் ஆணிகளைப் பிடுங்கி, வாசல் தகரத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"ஜன்னல் தகரத்தை அப்புறமா வந்து எடுத்துக்கறேன் சார். அடுத்த தெருவுல ரெண்டு வீடு பாக்கி இருக்கு" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கதவு தாழ் போடாமல் இருந்தது.

உள்ளே இருட்டு. காய்ச்சல் வியர்வையும் துவைக்காத துணியும் கலந்த வாடை. எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதையும் தாண்டி ஒரு மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று அசையாமல் நின்றார்.

"யாரு? தம்பியா?"

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜன்னலை ஒட்டிய கட்டிலில் எலும்பும் தோலுமாக அக்கா உட்கார்ந்திருந்தாள். முகத்தில் துளி கோபம் இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நான் வந்து..."

"வாடா, வா. உள்ளயே வந்துட்டியா! இனிமே அந்தத் தகரத்தைக் கட்டிக்கிட்டு அழ வேண்டாம்." அவர் கையைப் பற்றிக்கொண்டாள். "நீ மட்டும் இல்லேன்னா நான் என்னிக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"தினமும் இந்த ஜன்னல்கிட்ட வந்து உக்காந்து பேசினியே. குப்புறப் படுக்கா, மூச்சை நல்லா இழுக்கா, ஒரு வாய் தண்ணி குடிக்கான்னு என் உயிரை வாங்கினியே! போன் கெட்டுப்போனதுகூட எனக்குக் கவலையா இல்ல."

சாப்பாடு கொடுக்க வந்த தன்னார்வலர் யாரோ பேசியிருப்பார், காய்ச்சல் மயக்கத்தில் இவள் தம்பி என்று நினைத்திருக்கிறாள். நான் வரவே இல்லை அக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ஆமாக்கா" என்றார்.

சொன்ன கையோடு செத்துவிடலாம் போல இருந்தது. அக்காவோ சிரித்தாள்.

"தகர இடுக்கு வழியா பாப்பேன். மொத நாள் நீல மாஸ்க். மறுநாள் வெள்ளை. அப்புறம் கட்டம் போட்டது. இந்த வயசுல உனக்கு என்னடா இவ்வளவு மினுக்கு?"

அவர் ஜன்னல் தகரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் படங்களை எடுத்தபோது ஜன்னல் தகரமும் அடித்தாகிவிட்டது. அவர் நின்றது வாசல் பக்கம். அக்கா பார்த்திருக்க வழியே இல்லை.

டொக்.

ஜன்னல் தகரத்தில்.

டொக். டொக்.

தகரம் அடிப்பவர்தான் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

"அக்கா" என்று வெளியிலிருந்து ஒரு குரல் மெல்லக் கூப்பிட்டது. "சாப்பிட்டியா?"

அவருடைய குரல்.

பேசுவதற்கு முன் லேசாகச் செருமும் பழக்கம்கூட அவருடையதுதான். ஆனால் அதிலிருந்த கனிவு அவர் குரலில் என்றைக்குமே இருந்ததில்லை.

"இதோ, சாப்பிடறேன்டா" என்று அக்கா ஜன்னல் பக்கம் முகம் மலர்ந்து திரும்பினாள். திரும்பியவள் அப்படியே உறைந்துபோனாள்.

பற்றியிருந்த கையை மெதுவாக விட்டாள். கால்களை மடக்கிக்கொண்டு, தகரத்தோடு தகரமாக ஒண்டிக்கொண்டாள்.

"என் தம்பி அங்க இருக்கான்." அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ யாரு?"

அவர் வாயைத் திறந்தார்.

"பயப்படாதக்கா" என்றது வெளியே இருந்த குரல். "நான் இருக்கேன்ல."